யார் அடித்த வெள்ளை?

காலையில் கதவைத் திறந்த சுகதன் அப்படியே நின்றுவிட்டார். பாசி பிடித்துக் கிடந்த சுற்றுச்சுவருக்கு யாரோ வெள்ளை அடித்திருந்தார்கள். இரவு கடை சாத்தி வந்தபோது தெருவில் கரண்ட் இல்லை, கவனிக்கவில்லை.

கொல்லத்தில் மாநகராட்சித் தேர்தல் சமயத்தில் ஒரு சுவர் வெள்ளையானால், அதை ஒரு கட்சி பிடித்துவிட்டது என்று பொருள். சுகதனின் பேக்கரியில் மூன்று கட்சிக்காரர்களும் சாயா குடிப்பார்கள். சுவர் ஒரு கட்சிக்குப் போனால் மற்ற இரண்டும் எதிர்க் கடைக்குப் போய்விடும்.

"வனஜே, யாரு அடிச்சது?"

"யார் அடிச்சா என்ன சேட்டா? பளிச்சுனு இல்ல?" என்றபடி மனைவி மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பினாள்.

சுகதன் நேரே சிவப்புக்கொடி ப்ரகாசனிடம் போனார். "தோழரே, சுவரை விட்டுடுங்க. கும்பிடறேன்."

"நாங்க அடிக்கலையே! ஆனா பஸ் ஸ்டாப்பைப் பார்த்த சுவராச்சே. இந்தத் தடவை வார்டும் பெண்களுக்கு, மேயர் நாற்காலியும் பெண்களுக்கு. எங்க வேட்பாளர் பேரை ஆளுயரத்துக்கு எழுதிடறோம்."

"ஐயோ, அது வக்கீல் ஆளுங்க அடிச்சதா இருக்கும்" என்று தப்பித்து, கதர் வக்கீல் தாமஸ்குட்டியிடம் ஓடினார்.

"நாங்க அடிக்கல. ப்ரகாசன் கேட்டானா? அப்போ விடமாட்டோம்!"

சுகதன் யோசித்து, கேட்டுக்கு இடப்பக்கம் ஒருவருக்கு, வலப்பக்கம் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாப் பக்கம் யாருக்கு என்று சண்டை வந்தது. சத்தம் கேட்டு வந்த மூன்றாவது கட்சி ஹரீந்திரன், "அப்போ கேட் எங்களுக்கு" என்றார்.

"கேட்டைத் திறந்தா வேட்பாளர் ரெண்டாப் போயிடுவாங்களே!"

"திறக்காதீங்க. தேர்தல் முடியற வரைக்கும் சுவர் ஏறிக் குதிச்சுப் போங்க."

மத்தியானத்துக்குள் வாசலில் மூன்று கொடிகளும் முட்டிக்கொண்டு நின்றன. சுகதனுக்கு ஒரு வழிதான் மிச்சம்.

"வீடு, சுவர் எல்லாம் வனஜாட்சி பேர்லதான் இருக்கு. அவளைக் கேட்டுக்கோங்கப்பா."

சட்டென்று சத்தம் அடங்கியது. "வார்டுல பாதி ஓட்டு அவங்க சொல்றபடிதான் விழும்" என்று ப்ரகாசன் முணுமுணுத்தார்.

தெருமுனையில் வனஜாட்சி வந்துகொண்டிருந்தாள். பின்னால், தெருவையே அடைத்துக்கொண்டு மகளிர் குழுப் பெண்கள். ப்ரகாசனின் மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து கணுக்கால் வரை மரியாதையாக இறங்கியது. அடுத்து வக்கீலின் வேட்டி. ஹரீந்திரனின் வேட்டியும்.

சுகதன் வாய் பிளந்து பார்த்தார். இத்தனை வருடம் சாயா ஆற்றிக் கொடுத்தவருக்காக ஒரு வேட்டியும் இறங்கியதில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் பக்கத்திலேயே நடந்திருக்கிறார்; எதிரே நின்று அவள் வருவதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வெயிலில் சுவரும் அவளும் கண்ணைக் கூசவைத்தார்கள்.

அப்போது ஏணியும் வாளியுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பெயிண்டர் குட்டப்பன், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சேச்சி, நேத்து அடிச்ச வெள்ளை காஞ்சிடுச்சு. உங்க பேருக்குக் கீழ கவுன்சிலர்னு எழுதறதா, இல்ல மேயர்னே எழுதிடட்டுமா?"