நாற்பது நாள் துக்கத்தில் ஒரு நட்சத்திரம்

அன்புள்ள ஸ்டோயங்கா அக்காவுக்கு,

தம்பி லூபென் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகள் ரலிட்சாவும் ஆடுகளும் சுகம். அங்கே உன் முழங்கால் சுகமா? உன் மகன் கஞ்சோ போனில் உளறியதை வைத்து, "நம்ம வீட்டுல யாருடா செத்தது, எனக்கு ஏன் சொல்லல" என்று திட்டி எழுதியிருந்தாய். செத்தது ஒரு நட்சத்திரம். உனக்குப் பழக்கமில்லாத ஆள்.

மலைமேல் தொலைநோக்கியில் வேலை பார்க்கிற என் மகள், எங்கோ தூரத்து விண்மீன் மண்டலத்தின் நட்டநடுவில் திடீரென்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்தாள். அங்கே ராட்சதக் கருந்துளை ஒன்று குந்தியிருக்கிறதாம். வழிதவறிப் பக்கத்தில் போன நட்சத்திரத்தை, கிட்டத்து முகத்தைப் பலமாகவும் அந்தப் பக்கத்து முதுகை மெதுவாகவும் இழுத்து, நீ பனிட்சா சுடும்போது மாவைத் தாள் மாதிரி மெல்லிசாக இழுப்பாயே, அப்படி இழுத்துக் கிழித்துவிட்டதாம். பாதி வெளியே சிதறிப்போக, மீதியை விழுங்குகிறது. விழுங்கும்போது வருவதுதான் அந்த வெளிச்சம். "எப்பம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன். "இருபது கோடி வருஷம் ஆச்சுப்பா. சேதி இப்பதான் வந்து சேர்ந்திருக்கு" என்றாள். நான் இத்தனை நாளும் நம் ஊர்த் தபாலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வெளிச்சம் மங்குவதை வாரக்கணக்கில் விடாமல் அளந்தால்தான் அவளுடைய இத்தனை வருஷ உழைப்பு கரையேறும். ஆனால் உன் மகன் தன் கடைக் கூரையில் ஏற்றியிருக்கிற புது விளக்கு வானத்தையே வெளுத்துவிடுகிறது. பிள்ளை போய்க் கெஞ்சினாள். "செத்த நட்சத்திரத்துக்கு நான் ஏன் கடைய இருட்டாக்கணும்? அது என்ன சொந்தமா பந்தமா?" என்று கேட்டான்.

அந்தச் சொல்தான் எனக்கு வழிகாட்டியது. நம்மில் யார் செத்தாலும் செய்வதைச் செய்தேன். கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் தாள் அச்சடித்து, பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடைக் கதவு, கஞ்சோவின் கடைவாசல் மரம் எல்லாவற்றிலும் ஒட்டினேன். படத்துக்கு ரலிட்சா எடுத்த வெள்ளைப் புள்ளி. "வயது பல நூறு கோடி. பக்கத்தில் இருந்தவரால் கிழிக்கப்பட்டு மறைந்தார். துக்கத்துடன் ரலிட்சா, லூபென்." பக்கத்து வீட்டு பென்கா சிலுவை போட்டுக்கொண்டு, "பக்கத்துல இருந்தவன்னா புருஷன்தானே? அழ ஆளாவது இருந்துச்சா?" என்றாள். "எம் பொண்ணு மட்டும்தான்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான் அக்கா. அவ்வளவு பெரியது கிழிபட்டதை நம் பிள்ளை ஒருத்திதானே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் வீட்டுக்கு வீடு, செத்தவர்களுக்குப் படைக்கிற அவித்த கோதுமை வந்தது. கஞ்சோவும் வந்தான். "எனக்கு நம்பிக்கையில்ல மாமா. ஆனா செத்தவங்ககிட்ட எதுக்கு வம்பு" என்று துக்கத்தின் நாற்பது நாளைக்குக் கடையில் விளக்கையும் பாட்டையும் நிறுத்திவிட்டான்.

நாற்பதாம் நாளுக்கு நீ அவசியம் வர வேண்டும். கன்னிமாதா உன் முழங்காலுக்கு வலுவும் உன் மகனுக்கு இதே பயமும் நீடிக்க அருளட்டும்.

உன் தம்பி,
லூபென்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரலிட்சா ஓடி வந்தாள். வெளிச்சம் கணக்கை மீறி வேகமாக மங்குகிறதாம். "அப்பா, அது சாகல! மேல்தோல்தான் உரிஞ்சிருக்கு. ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப வரும்போல" என்று குதிக்கிறாள். உறுதியாகச் சொல்ல இன்னும் சில வார இருட்டு வேண்டுமாம். ஆகவே உன் மகனிடம் மூச்சு விடாதே. கறுப்பு உடுத்தியே வா. சிரிப்பு வந்தால் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள். அழுகிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.