நடந்து வந்த சிக்னல்

மூன்றாவது தடவையும் அம்புக்குறி கடலைக் காட்டவில்லை. கரையைத்தான் காட்டியது.

செந்தில்வேல் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். ஆபத்தில் பட்டனை அமுக்கினால் ரேடியோவில் கூப்பிடும் கருவி ஒன்று மீன்பிடிப் படகுகளுக்கு உண்டு. ஜெர்சன் என்ற மீனவரின் கருவி காலை ஏழு மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சாட்டிலைட் சொல்லும் இடம் இரண்டு கிலோமீட்டர் முன்னப்பின்ன இருக்கும். மிச்சத்தை இவனுடைய ட்ரோன்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாமதமானால் பிணத்தைத்தான் எடுக்கலாம்.

"ஒம்ம மெஷினு வெயிலு தாங்காதோ?" என்றார் மீட்பு அதிகாரி ரங்கராஜ். "ஏழு மணிக்கு சிக்னலு, எட்டு மணிக்கு ஆறு பேரு வந்து நிக்கோம். மணி பன்னெண்டாச்சு."

செந்தில்வேல் ட்ரோனை இறக்கி, திசைகாட்டியைச் சரிசெய்து ஏற்றினான். அம்பு இன்னும் அழுத்தமாகக் கரையைக் காட்டியது. மறுபடி இறக்கி, கேமராவைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆன்டெனாவை மாட்டி ஏற்றினான். இடம் துல்லியமாகத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

"எங்கன?"

"கல்லறைத் தோட்டம் சார்."

காற்று நின்றிருந்தது. தூரத்தில் துறைமுகக் கிரேன்கள் அசையவில்லை.

"பொதைச்ச பொறவா பட்டன அமுக்குதான்?" என்றான் படகோட்டி விஜயராஜ். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

செந்தில்வேல் ட்ரோனைக் கல்லறைகளுக்கு மேலேயே கொண்டுபோய்த் தாழ நிறுத்தினான். அதன் இரைச்சல் கரைவரை கேட்டது. திரையில் புள்ளி நகர ஆரம்பித்தது.

"சார், நடக்குது."

"எது?"

"சிக்னல். நம்மளப் பாத்துதான் வருது."

எண்பது மீட்டர். அறுபது. விஜயராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். ரங்கராஜ் ஜீப்புக்குப் பின்னால் எதையோ தேடப் போனார். முப்பது.

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

ஒரு பெண் வந்தாள். இடுப்பில் மீன் கூடை. கூடைக்குள் மஞ்சள் கருவி மினுக்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீ?" ஜீப்புக்குப் பின்னாலிருந்தே கேட்டார் ரங்கராஜ்.

"மெட்டில்டா. ஜெர்சன் பொண்டாட்டி."

"இது ஒங்கிட்ட எப்படி?"

"உப்புத்தண்ணி பட்டா கெட்டுரும்னு பீரோல வச்சிப் பூட்டிட்டுத்தான் அவரு கடலுக்குப் போவாரு. வானம் தெரியிற எடத்துல வைக்கணும்னு இதுல படம் போட்டிருக்கு. எங்க தெருவுல வானம் தெரியிறது கல்லறைல மட்டுந்தான்."

ரங்கராஜுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "கடல்ல ஆபத்துக்கு அமுக்குறத கரைல இருந்து அமுக்கிருக்க. ஒம்புருசன் எங்க, தூங்குதானா?"

மெட்டில்டா கூடையை மணலில் இறக்கினாள்.

"போனவரு மூணு நாளாத் திரும்பல, ஆபீஸ் ஆபீஸா நான் நடந்தப்ப ஒருத்தரும் எந்திரிக்கல, பட்டன அமுக்குனதும் ஆறு பேரு வந்துட்டீங்கள்லா, இனி அவரத் தேடுங்க."