மெள்ள அண்ணையோடு ஒரு காட்டுக் குளிப்பு

கனடாவின் மொன்றியல் நகரில் மெள்ள அண்ணையைப் போல நிதானமான மனிதர் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அவசரமே அவரைத் தேடி வந்தாலும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் ஒரு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தோம். அவர் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். எதற்கெடுத்தாலும் "மெள்ள, மெள்ள" என்பார். சொந்தப் பெயர் சம்பளக் காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை தீ மணி அடித்து, நாங்கள் எல்லோரும் ஜாக்கெட்கூட இல்லாமல் பனிக்குள் ஓடிவந்து நடுங்கிக்கொண்டு நின்றோம். கடைசியாக அண்ணை வந்தார். தொப்பி, மஃப்ளர், கையுறை, எல்லாம் ஒழுங்காக.

"ஏன் எல்லாரும் வெறும் உடுப்போட நிக்கிறியள்?" என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. எனக்கு நித்திரை போனது. நெஞ்சு சும்மா சும்மா படபடக்கும். சாப்பாட்டு அறையில் அண்ணை இதைக் கவனித்திருக்கிறார்.

"தம்பி, நீர் மூச்சே ஒழுங்கா விடுறேல்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு வாரும். காட்டுக் குளிப்பு."

"குளிப்போ? வெளியில மைனஸ் பதினெட்டு அண்ணை!"

"தண்ணியில இல்லை. மெள்ள நடந்து, மரத்தைப் பாத்து, சத்தத்தைக் கேட்டு, மனசைக் குளிப்பாட்டிறது. ஜப்பான்காரர் செய்யிறவை. ரேடியோவில சொன்னவங்கள்."

பக்கத்து மேசையில் இருந்த எங்கள் கூட்டாளி யோகனின் காதில் 'குளிப்பு' மட்டும்தான் விழுந்தது. சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற இடமாக்கும் என்று எண்ணி, ஞாயிறு மத்தியானம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணையின் காரில் ஏறினான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ காட்டு வாசலில் அண்ணை சட்டம் சொன்னார். செல்போன் காருக்குள். தின்கிற சாமான் கூடாது. வாய் திறக்கக் கூடாது.

அவர் ஒரு அடி வைப்பதற்குள் நான் ஒரு வீட்டையே கூட்டித் துடைத்திருப்பேன். பைன் மரப்பட்டையில் மூக்கை வைத்து மணந்தார். எங்களையும் மணக்கச் சொல்லிச் சைகை காட்டினார். என் மூக்கு மரத்துப்போயிருந்தது, ஆனாலும் தலையாட்டினேன். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டியது. அண்ணை விரலை உயர்த்தியபடி பாதையை விட்டு இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். சற்று நேரத்தில் பனி கொட்டத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் காலடிகள் மூடிப்போயிருந்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம், ஒரே வெள்ளை.

"அண்ணை, பாதை எங்க?"

அவர் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உதிலதான் எங்கையோ."

நாலரைக்கே இருட்டிவிடும் மாதம் அது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது யோகன் துவாயால் நெற்றியைத் துடைத்தான். அந்தக் குளிரில் அவனுக்கு வியர்த்திருந்தது. "பஸ் வந்திட்டுது, ஏறுங்கோ" என்று சொல்லிவிட்டு, பனியில் குந்திவிட்டான்.

யோகனுக்குச் சீனி வருத்தம் இருந்தது. இன்சுலின் ஊசி போட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி ஆள் விழுந்துவிடுவான்.

"டேய், மத்தியானம் ஊசி போட்டனியோ?" என்று அவனை உலுக்கினேன்.

"ஓம்."

"சாப்பிட்டனியோ?"

"குளிக்கப் போறமெண்டு... கொஞ்சமாத்தான்..." நாக்குக் குழறியது.

"போனும் இல்லை, தின்னவும் ஒண்டுமில்லை! இவனுக்கு ஏதும் நடந்தா நீங்கள்தான் பொறுப்பு!" என்று அண்ணையைப் பார்த்துக் கத்தினேன்.

அண்ணையின் முகம் சிவந்தது. கையுறையைக் கழற்றிக் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டு, மூன்று டொபி மிட்டாய்களை எடுத்தார்.

"ஒண்டைக் கடைவாய்க்குள்ள வைச்சிருந்தனான். அதுதான் கதைக்காமல் வந்தனான்."

வேறொரு நாளாக இருந்தால் ஒரு கிழமை சிரித்திருப்பேன். அவர் யோகனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஒன்றொன்றாக ஊட்டினார். "சப்பும். விழுங்கும். மெள்ள." துவாயை எடுத்து அவன் தலையில் சுற்றிக் கட்டினார். நான் காட்டைப் பார்த்து "ஹெல்ப்! ஹெல்ப்!" என்று அலறினேன்.

"கத்தாதையும் தம்பி. நீர் கத்தினா எனக்குக் கேக்காது."

"என்ன அண்ணை கேக்கிறதுக்குக் கிடக்கு?"

அவர் கண்களை மூடிக்கொண்டு நின்றார். பிடித்துப் பனிக்குள் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

"பீப் பீப்... உமக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"வண்டி ஒண்டு பின்னுக்குப் போகுது. நாள் முழுக்க நான் கேக்கிற சத்தம். கார் நிக்கிற இடத்தில பனி வழிக்கிறாங்கள்."

டொபி வேலை செய்யத் தொடங்கியிருந்தது, யோகன் எழுந்தான். ஆளுக்கொரு தோள் கொடுத்தோம். பத்து அடி நடப்போம், நிற்போம், அண்ணை கேட்பார், திசை மாற்றுவார். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. மரங்களுக்கிடையில் வெளிச்சம் நீலமாகி மங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக முழுக் காதையும் கொடுத்துக் கேட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு, மெல்லியதாக, பீப் பீப்.

"கேக்குது அண்ணை!"

மரங்களுக்கப்பால் மஞ்சள் விளக்குச் சுழன்றது. பனி வழிக்கும் வண்டிக்காரர் தலைப்பாகை கட்டிய யோகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு "போன்ஜூர்" என்றார்.

காருக்குள் கிடந்த யோகனின் பையில் மனைவி வைத்துவிட்ட ஜூஸ் இருந்தது. குடித்து முடித்ததும் "பசிக்குது" என்றான். அதுவரை அடக்கிவைத்திருந்த கோபம் எனக்கு வந்தது. அண்ணைக்குச் சொல்லவேண்டிய நாலு வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் சாரதி ஆசனத்தில் இருந்தார். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அவருடைய இரண்டு கைகளும் அப்படி உதறின.

"என்னால கார் ஓட ஏலாது தம்பி" என்றார், என்னைப் பார்க்காமல்.

சாவியை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கைகளை என் கைகளுக்குள் எடுத்துச் சூடு வரும்வரை தேய்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் எங்களைக் காட்டுக்குக் கூப்பிடவில்லை. நானும் யோகனும் போய் அவர் வீட்டு மணியை அடித்தோம்.