ராதுவின் பங்காளிகள்

"பேரைச் சொல்லு, அப்புறம் சாப்பிடு" என்று குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள் அந்த ஊர்க்காரி பரஸ்கீவா. மடியில் கோதுமையும் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து செத்தவர்களுக்காகப் படைக்கும் கொலீவாத் தட்டு.

குழிக்குள் முட்டிபோட்டிருந்த இலிங்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் எலும்பு படிக்க வந்த மாணவி. எழுநூறு வருஷத்து எலும்புக்கூட்டின் பேருக்கு அவள் எங்கே போவாள்? விடிந்தால் சாலை போடுகிறவர்களின் இயந்திரம் இந்தக் கல்லறை மேட்டையே வழித்துக்கொண்டு போய்விடும். ஒரு நாள் தவணை கேட்க நகரத்துக்குப் போன பேராசிரியருக்கே நம்பிக்கையில்லை. இருட்டுவதற்குள் மேட்டில் புதைந்திருக்கும் பதினாலு பேரையும் மாணவர்கள் எடுத்துப் பெட்டியில் வைத்தாக வேண்டும்.

"இந்தத் தட்டை உங்க ஊர்க் கல்லறையில கொண்டுபோய் வைக்கக் கூடாதாம்மா?"

பரஸ்கீவா தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள். "செத்தவங்க பேரைச் சொல்லி உயிரோட இருக்கறவங்க சாப்பிட்டாத்தான் அவங்களுக்குப் போய்ச் சேரும். பேரைச் சொல்லு."

பசி வேறு. "ராது" என்று வாயில் வந்ததைச் சொல்லி ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள் இலிங்கா.

"ராதுவா! எங்க வீட்டுக்காரரோட பாட்டன் பூட்டன் எல்லாமே ராதுதான்! இவரு எங்காளு!"

கொஞ்ச நேரத்தில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியோடு வேத்தா வந்து நின்றாள். "ராது எங்க வம்சம்டி. உன் வம்சத்துல எவன் இவ்வளவு உயரம்?"

"படுத்துக்கிட்டா எல்லாரும் உயரந்தான்!"

சண்டையை நிறுத்த இலிங்கா உண்மையைக் கையிலெடுத்தாள். "இவரு ஆம்பளையே இல்லம்மா. இடுப்பெலும்பு எவ்வளவு அகலம், பாருங்க. பொம்பளை."

"அப்ப எங்க பூட்டி ஸ்தாங்கா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. "யாருக்கும் சொந்தமில்லம்மா, கால் முறிஞ்சு கோணலா ஒட்டின யாரோ ஒருத்தி" என்றாள் இலிங்கா. உடனே சாஃப்தா என்பவள் விந்தி விந்தி நடந்து காட்டினாள். "எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே கால்!"

"நேத்துக் கல்யாணத்துல ஆடினியே, அது எந்தக் காலுடி?"

"பல்லெல்லாம் சொத்தைம்மா" என்று இலிங்கா கெஞ்சிப் பார்த்தாள். ஆறேழு வாய்கள் சாட்சி சொல்லக் குழியை நோக்கித் திறந்தன.

"பதினாலு பேர் இருக்காங்க! ஆளுக்கு ஒருத்தரா எடுத்துக்கங்க!" என்று கத்திவிட்டாள் இலிங்கா.

கத்தியிருக்கக் கூடாது. சந்தையில் மாடு பார்ப்பதுபோல அத்தனை பெண்களும் குழி குழியாகக் குனிந்து பார்த்தார்கள்.

"அந்த நெட்டையன் எனக்கு!"

"எனக்குப் பல்லுள்ளவராப் பார்த்துக் குடும்மா. வால்நட்டு நெறையப் போட்டிருக்கேன்."

அவரவர் பங்குக்கு அவரவர் தட்டை நீட்ட, மாணவர்கள் வாயெல்லாம் கோதுமை, கையெல்லாம் பிசுபிசு. பிளம்பழச் சாராயம் தாராளமாகச் சுற்றி வந்ததில் தோரின் என்ற பையன் காலிக் குழியொன்றில் படுத்தே விட்டான். அவனையும் ஒருத்தி பங்கு கேட்டாள்.

வெயில் சாய்ந்தது. இலிங்கா மண்டையோட்டில் கை வைத்ததும் பரஸ்கீவா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அழுது அனுப்பாம எடுக்கறதா? ஞாயித்துக்கிழமை பாதிரியார் வருவாரு. வரட்டும்."

இலிங்கா குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "விடிஞ்சா மெஷின் வருதும்மா. இன்னிக்கு எடுக்கலேன்னா எல்லாரும் தார் ரோட்டுக்கு அடியில."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விலகியது.

"அடியிலயா?" என்றாள் பரஸ்கீவா. பிறகு, "அதை மொதல்லயே சொல்றதுக்கென்னடி, கழுதை!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஆப்பிள் பெட்டிகள் வந்தன. பூவேலை செய்த தலையணை உறைகள் வந்தன. "மெதுவாடி, அவளுக்கு ஏற்கெனவே கால்ல அடிபட்டிருக்கு" என்று மாணவர்களை அதட்டிக்கொண்டே பதினாலு பேரையும் வேனில் ஏற்றினார்கள். பெட்டிக்குப் பெட்டி பேர் எழுதிய பிறகுதான் வழிவிட்டார்கள். முதல் பெட்டியில் 'ராது என்கிற ஸ்தாங்கா'.

ஒரே அச்சில் வார்த்ததுபோல் நின்ற வீடுகளைத் தாண்டி வேன் போயிற்று. பின்னாலேயே ஒப்பாரியும் கொஞ்ச தூரம் வந்தது. இலிங்கா வேனோட்டியின் பக்கம் திரும்பினாள்.

"நெலு அண்ணே, பாவம் பண்ணிட்டேன். வாய்க்கு வந்த பேரைச் சொல்லி ஏமாத்திட்டேன். சொந்த முன்னோருன்னு நம்பி அழறாங்க."

வேனோட்டி நெலு கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கையை அசைத்தான்.

"முன்னோரா? அணை கட்டினப்போ இந்த மொத்த ஊரையும் லாரில ஏத்திக் கொண்டாந்து இங்க எறக்கினதே எங்கப்பாதாம்மா. அவங்க அப்பன் ஆத்தா கல்லறையெல்லாம் அப்பவே தண்ணிக்கு அடியில போயிடுச்சு."