உப்பு கேட்டது நான் அல்ல

அன்புத் தங்கை மிஸ்னாயாவுக்கு, மதுரா தீவிலிருந்து அண்ணன் மத்ராவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இது என் கையால் நானே எழுதும் முதல் கடிதம். முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். எழுத்து மேலும் கீழும் போனால் சிரிக்காதே. பிடித்து நிறுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது.

விஷயம் அவசரம். எனக்குப் பெண் கேட்க நீ வராதே. நடந்தது இதுதான். கொஞ்ச காலமாக எனக்கு அடங்காத உப்பாசை. மாங்காயில் உப்பு, சோற்றில் உப்பு, கடைசியில் வெறும் உப்பு. உப்பளத்தில் மேஸ்திரியே, "பெரியவரே, வாரச் சொன்னா தின்னு தீக்குறீங்களே!" என்றார். பள்ளிவாசல் விருந்துக்கு நான் ஆக்கிய மீன் குழம்பை வாயில் வைத்ததும் பக்கத்து வீட்டுப் புராஜி, "மாமா, பொண்ணு யாருன்னு சொல்லிட்டு ஆக்கக் கூடாதா?" என்று கத்தினான். உப்பு கூடினால் சமைத்தவருக்குக் கல்யாண ஆசை என்பார்களே நம் ஊரில், அதுதான். சோறு செரிப்பதற்குள் சோற்றுக்கடை ஹோஸ்னியாவை, அவளும் தனியாள்தானே என்று, எனக்கு முடிவு செய்து உனக்கும் போன் போட்டுவிட்டார்கள். மறுத்துப் பேச எழுந்தேன், கண் இருட்டி விழுந்தேன். "வெக்கத்துல மயங்கிட்டாரு" என்று சிரித்தார்கள். ஹோஸ்னியாதான், "வெக்கத்துக்கு இப்படியா ஒடம்பு சில்லிட்டுப் போகும்? வண்டிய கூப்பிடுங்கடா!" என்று திட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா சொன்னார்: சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டாம். 'உப்பை வெளியே விடாதே' என்று அது ஒரு ஹார்மோனை அனுப்புமாம். என்னுடையது வேலையை நிறுத்திவிட்டது. உப்பெல்லாம் சிறுநீரில் போக, ரத்த அழுத்தம் இறங்க, வேறொரு ஹார்மோன் மூளையிடம் ஓடி முறையிட, மூளை 'உப்பு தின்னு, உப்பு தின்னு' என்று என்னை விரட்டியிருக்கிறது. "நல்லவேளை தின்னீங்க தாத்தா. இல்லேன்னா எப்பவோ போயிருப்பீங்க" என்றார். இப்போது மாத்திரை. உப்பாசை அடங்கிவிட்டது.

ஆகவே கல்யாணம் கேட்டது என் சுரப்பி, நான் அல்ல. ஹோஸ்னியாவிடம் நீயே போனில், அவள் மனம் நோகாமல் சொல்லிவிடு. உன் வீட்டில் எல்லாருக்கும் என் சலாமும் துஆவும்.

அண்ணன் மத்ராவி

பின்குறிப்பு: நான் எழுதி முடிக்க வெகு நாளாகிவிட்டதால் ஹோஸ்னியாவிடம் நானே சொல்லிவிட்டேன். "சரி, அது சுரப்பி. இப்ப எதுக்குத் தெனம் சாயங்காலம் வந்து என் கடையில உக்காந்திருக்கீங்க?" என்றாள். டாக்டரம்மாவிடம் ஓடினேன். "அதுக்கு மாத்திரை தர மாட்டேன் தாத்தா" என்கிறார். நீ சீக்கிரம் கிளம்பி வா. எனக்கு எழுதத்தான் வருகிறது, பெண் கேட்க வாய் வரவில்லை.