அங்கீகாரம் இல்லாத வெயில்

மனிதகுலத்துக்குச் சூரியன்கள் இரண்டு. ஒன்று வானத்தில் இருக்கிறது. அதை நம்பி எதையும் அளக்க முடியாது. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி, மேகம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் லீவு. மற்றொன்று எங்கள் சூரிய மின்கல ஆராய்ச்சி நிலையத்தின் அளவீட்டு அறையில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் உதிக்கும், அணைத்தால் மறையும். 'தரச் சூரியன்' என்று பெயர். அந்த விளக்குக்குப் பொறுப்பாளன் அடியேன்.

நிலையம் தொடங்கிய அன்று வாங்கிய விளக்கு அது. வயதானால் எதுவும் கொஞ்சம் மஞ்சள் தட்டத்தானே செய்யும்? எங்கள் விஞ்ஞானிகள் பெருந்தன்மையானவர்கள். விளக்கு மஞ்சளாக மஞ்சளாக, தங்கள் மின்கலங்களையும் அந்த மஞ்சளுக்குத் தோதாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். வருடா வருடம் ஒரு 'சாதனை'. வெளியே கொண்டுபோய் வைத்தால் அவை ஒரு சுவர்க் கடிகாரத்தைக்கூட ஓட்டாது என்பது உண்மைதான். ஆனால் சூரிய மின்கலத்தை எதற்கு வெயிலில் வைக்க வேண்டும்?

இந்த அமைதியான குளத்தில் கல்லெறிந்தவள் ஒருத்தி. குறைகடத்திப் பொருள்களில் ஆராய்ச்சி. கண்ணில் பட்ட குறைகளை எல்லாம் மேலிடத்துக்குக் கடத்துவாள் என்பதால் 'குறைகடத்தி' என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே சொன்னால் வெட்கம், என் மனைவியின் தங்கை.

கண்ணாடியில் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பூசி, மலிவாக மின்சாரம் எடுக்க ஒரு கலவை கண்டுபிடித்திருந்தாள். மாதக் கடைசிக்குள் அது தேர்ச்சி பெறாவிட்டால் ஒப்பந்தம் முடியும், வேலை போகும், கலவை குப்பைக்குப் போகும். என் விளக்கின் கீழ் வைத்தோம். முள் அசையவே இல்லை.

"அத்தான், உங்க விளக்கு கெட்டுப்போச்சு. என் செல் வெயிலுக்குச் செஞ்சது."

"ஆபீஸ்ல அத்தான் கிடையாதும்மா. சார்."

"சரி சார். மொட்டை மாடிக்கு வாங்க சார், காட்டறேன்."

"மாடியில என்ன இருக்கு?"

"சூரியன்."

"அதுக்குத் தரச் சான்று இருக்கா?"

அவள் தன் செல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நியாயத்துக்கு முன்னால் யாரால் என்ன பேச முடியும்?

வீட்டில் வேறு வழக்கு. "என் தங்கச்சி சொல்றது சரின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்றாள் மனைவி.

"தெரியும்."

"அப்புறம் என்னவாம்?"

"விளக்கை மாத்தினா இத்தனை வருஷச் சாதனையும் அம்போன்னு போயிடும். அதுல பாதி இயக்குநரோடது."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். விஞ்ஞானத்துக்காக நான் செய்த தியாகங்களில் அதுவும் ஒன்று.

குறைகடத்தி அடங்கவில்லை. தன் மின்கலங்களை மாடியில் பரப்பி, ஒயர் இழுத்து, தன் அறை மேசை விசிறியோடு இணைத்துவிட்டாள். 'அங்கீகாரம் பெறாத ஒளியைப் பயன்படுத்திய' குற்றத்துக்கு விசாரணைக் குழு கூடியது. இயக்குநர், கணக்கர், நான். நடுநிலை தவறக்கூடாது என்று கடைசியாக ஒருமுறை தரச் சூரியனை ஏற்றினோம். கிழவிளக்கு ஒரு முனகல் முனகியது. கட்டிடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

ஜன்னல் இல்லாத அறை. நடுப்பகல். சட்டை முதுகோடு ஒட்டியதும் நீதி சற்றே நகர்ந்து உட்கார விரும்பியது. காற்று எங்கே வருகிறது என்று தேடிப் போனோம். குறைகடத்தியின் அறையில் வந்தது.

"இங்க மட்டும் எப்படிம்மா ஃபேன் சுத்துது?" என்றார் இயக்குநர்.

"அதைத்தான் சார் விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

இயக்குநர் நாற்காலியை விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்பைச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். 'மேற்படி மின்கலம் மின்சாரம் உற்பத்தி செய்யும் திறன் சிறிதும் அற்றது. எனவே ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.' தாள் பறந்தபடியே இருந்ததால் கணக்கர் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குறைகடத்தி ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. குரலில் மட்டும் அது இல்லை.

"கையெழுத்துப் போட்டதும் சொல்லுங்க அத்தான். ஒயரைப் பிடுங்கிட்டுக் கிளம்பறேன்."

மூன்று பேனாக்களும் அந்தரத்தில் நின்றன. நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைக்கும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடுவோமா? பொறுமையாக இருந்து, கரண்ட் வந்த பிறகுதான் போட்டோம்.