எஞ்சினை எழுப்பாதவர்கள்

ஊரில் புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி என்று ஹைபிரிட் கார் வாங்கிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவர்போல ஆக்சிலரேட்டரில் கால் வைத்து, சாலையை விட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும்போது திரையில் எரியும் பச்சை இலையையே பார்த்துக்கொண்டு, எஞ்சின் விழித்துக்கொண்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் இனம். ஊர்க்காற்றைத் தாங்கள்தான் துடைத்து வைப்பதாக நினைப்பு. லிஃப்டில் முன்பின் தெரியாதவர் "மழை வரும்போல" என்றால்கூட, "நம்ம வண்டி புகையே விடாதுங்க" என்பார்கள். யார் கேட்டது?

கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. நானும் அந்த இனம்தான். லிஃப்டில் எனக்குப் பேச்சு வராது. அதனால் அந்த வாசகத்தைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அக்காவுக்கு நேர்முகத் தேர்வு. பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டோடு இருந்தவளுக்கு வெகுநாள் கழித்து வந்த அழைப்பு; வண்டிப் புகையைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. பத்து மணிக்குள் போயாக வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். மேம்பாலம் வந்தது. ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் எழுந்துவிடுமே? ஆக்சிலரேட்டரைக் காலால் வருடினேன். எஞ்சின் எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது. வண்டி மட்டும் ஊர்ந்தது. பின்னால் சைக்கிள் மணி.

"டேய், சைக்கிள்காரரே வழி கேக்கறார். மிதிடா."

"புகை வரும்க்கா."

அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "புகையைச் சுத்தம் பண்ற பெட்டி ஒண்ணு அடியில இருக்கு. சூடா இருந்தாத்தான் அது வேலை செய்யும். நீ அணைச்சு அணைச்சு அதை ஆற வைக்கற. ஒவ்வொரு தடவை எஞ்சின் எழும்போதும் அழுக்கு அப்படியே வெளிய போகுது. இவ்வளவு தூரமும் உன் பின்னாடி வர்றவங்க அதைத்தான் மூச்சா இழுக்கறாங்க."

சாதாரண மனிதன் என்ன செய்வான்? மிதிப்பான். நான் பாலம் இறங்கியதும் பஸ் நிறுத்தத்தருகே ஓரங்கட்டி, பெட்டியை ஆறாமல் வைக்க வழி உண்டா என்று வண்டியின் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தேன். பொருளடக்கத்தைத் தாண்டுவதற்குள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வேலை அவளுக்கே கிடைத்துவிட்டது. ஹைபிரிட்டில் புகை எப்போது கூடுகிறது என்று கேட்டார்களாம். பேர் சொல்லாமல் என்னை வர்ணித்தாளாம்.

"எல்லாரும் ரசிச்சுக் கேட்டாங்கடா" என்றாள், பாசமாகத்தான்.

இப்போது சோதனைக்கு மோசமாக ஓட்டிக் காட்ட ஆட்கள் வேண்டுமாம். முதல் ஆள் நான். இன்னும் இடம் காலியாக இருக்கிறது. நேற்று சிக்னலில் பச்சை விழுந்த பிறகு உங்கள் பின்னால் ஹார்ன் அடித்தார்களா? சும்மாதான் கேட்கிறேன். அக்காவிடம் சொல்ல வேண்டும்.